மேசை விளிம்பில் மடிந்த எண்

எங்கள் கழகத்தில் சேர ஒரு பகா எண் வேண்டும். அது பத்து இலக்கம் கொண்டதாகவும், வேறு எவரும் ஏற்கெனவே கொள்ளாததாகவும், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாததாகவும் இருக்க வேண்டும். இடங்கள் பதின்மூன்று. அதற்கு மேல் கூடாது என்று விதியில் இல்லை. வைட்டிங் லேக் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் அந்த நீள மேசையைச் சுற்றி அதற்கு மேல் நாற்காலி போட இடமில்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்குக் கூடுவோம். முதலில் உண்போம், பிறகு எண்களைப் பற்றிப் பேசுவோம். மின்னசோட்டாவின் இந்தப் பகுதியில் பனிக்காலத்தில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்கலாம். நாங்கள் மீன்பிடிக்காதவர்கள்.

தலைவர் ஆர்டிஸ் நைகார்டின் எண் 3215031751. மற்றவர்கள் தங்கள் எண்ணைத் தேடிப் பிடித்தார்கள். அவருக்கு அது வாழ்க்கையில் அமைந்தது. அவரும் ஹார்லனும் மணந்துகொண்டது மூன்றாம் மாதம் 21, 1950. மகள் கார்லா பிறந்தது மூன்றாம் மாதம் 17, 1951. மாதம், நாள், ஆண்டு என்று நாங்கள் எழுதும் முறையில் இவை 32150, 31751. ஒட்டி எழுதினால் பத்து இலக்கம். இரண்டு தேதிகளுக்கும் இடையே ஓர் ஆண்டுக்கு நான்கே நாள் குறைவு என்பதை, கேட்காதவர்களிடமும் அவர் சொல்லிவிடுவார். திருமணம் உண்மையில் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை நடக்க வேண்டியது. பனிப்புயலில் போதகரின் கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட, செவ்வாய்க்கு ஒத்திவைத்தார்கள். சனிக்கிழமையே நடந்திருந்தால் எண் 3185031751 ஆகியிருக்கும்.

"அது பதினொண்ணால வகுபடும்," என்பார் ஆர்டிஸ். "போதகர் வண்டி பள்ளத்துல எறங்கினதுல ஒரு நன்மை."

பகா எண் என்று ஒன்றை ஏற்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. நான்கு உறுப்பினர்கள் சாட்சிகளாக நியமிக்கப்படுவார்கள். ஒருவருக்கு 2, ஒருவருக்கு 3, ஒருவருக்கு 5, ஒருவருக்கு 7. ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தன்னாலேயே மீண்டும் மீண்டும் பெருக்கி, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியைப் பார்க்க வேண்டும். கையடக்கக் கணிப்பானும் பென்சிலும் கொண்டு இரண்டு மாலைப்பொழுதுகளில் முடியும் வேலை. கணினிக்கு அனுமதி இல்லை. சோதிக்கப்படுவது பகா எண் என்றால் மீதி குறிப்பிட்ட சில வகைகளில் மட்டுமே வரும். வேறு வகையில் வந்தால் அது பகா எண் அன்று. நான்கு பேருக்கும் சரியாக வந்தால், அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, "என் தரப்பில் ஆட்சேபம் இல்லை" என்று சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். 1978இல் ஆர்டிஸின் எண்ணுக்கு 7 என்ற சாட்சியாக எழுந்தவன் நான்.

ஓர் எண்ணை நேரடியாக வகுத்துப் பார்ப்பது பள்ளிப்பிள்ளைகளின் வழி. அதைவிட முக்கியமாக, அது மரியாதைக் குறைவு. இன்னோர் உறுப்பினரின் எண்ணை வகுத்துப் பார்ப்பது, விருந்துக்குப் போன வீட்டில் அலமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். யாரும் செய்ததில்லை.

ஒரே ஒருமுறை வெளியார் ஒருவர் செய்தார். 1984இல் லோவல் ஸ்வென்பியின் அக்காள் மகன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது, சாட்சி முறை வருவதற்கு முன்பே ஏற்கப்பட்டிருந்த தாய்மாமனின் எண் 1009ஆல் வகுபடுகிறது என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டான். விதி ஆறு தெளிவானது: காரணி மெய்ப்பிக்கப்பட்ட அன்றே, விவாதமின்றி, உறுப்பினர் இருக்கையை விட்டு எழ வேண்டும். அந்த விதியை எழுதியவர் ஆர்டிஸ். நிறைவேற்றியவரும் அவரே. சரிபார்த்து, அறிவித்து, நாற்காலியைக் காலி செய்ய நான்கு நிமிடம் ஆயிற்று. லோவலின் கையில் முள்கரண்டி இருந்தது. அதில் கேக்கும் இருந்தது. இப்போது அவர் மீன்பிடிக்கிறார்.

கேலன் புரூஸ்டாட் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஆறு ஆண்டுகளாகப் பார்வையாளர். நாற்பது மைல் தொலைவிலிருந்து மாதந்தோறும் வருவார். காபிக் கொதிகலனுக்குப் பக்கத்தில், மேசையின் கோடியில், பார்வையாளருக்கென்று இருக்கும் மடக்கு நாற்காலியில் உட்காருவார். இடம் ஏதாவது காலியாகுமா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்களில் பலருக்கு எழுபது கடந்துவிட்டதால், அது நலம் விசாரிப்பதுபோல் ஒலிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

1993 பிப்ரவரிக் கூட்டத்தில் அவர் தட்டைக் கழுவும் சாக்கில் என்னைச் சமையலறைக்குள் அழைத்தார்.

"வெண்டெல், ஒரு விஷயம். நான் பாக்கணும்னு பாக்கல."

"எதை?"

"கண்ணுக்கு நேரா தொங்குது. நான் என்ன பண்ண?"

அவர் சொன்னது எங்கள் மேசைவிரிப்பை. பதின்மூன்று பேரின் எண்களையும் சிவப்பு நூலில், இரண்டங்குல உயரத்தில் பின்னிய வெள்ளை விரிப்பு அது. கிறிஸ்துமஸ் விருந்தில் யாரோ அதன் ஒரு கோடியில் பீட்ரூட் ஊறுகாயைக் கொட்டிவிட்டதால், ஜனவரி முதல் விரிப்பைத் திருப்பிப் போட்டிருந்தோம். அதனால் ஆர்டிஸின் எண் பார்வையாளர் பக்கம் வந்துவிட்டது. அதன் முதல் ஏழு இலக்கங்கள் மேசைமேல் கிடந்தன. கடைசி மூன்று, விளிம்பில் மடிந்து, கேலனின் முழங்காலுக்கு முன்னால் தொங்கின.

"மேல 3215031. கீழ 751," என்றார் கேலன், குரலைத் தாழ்த்தி. "எனக்கு ஒரு பழக்கம். ரயில் கேட்டுல நின்னா கூட்ஸ் வண்டி நம்பரையெல்லாம் வகுத்துக்கிட்டே இருப்பேன். இங்கயும் கை சும்மா இருந்தாலும் மண்டை சும்மா இருக்கல. கீழ இருக்கறது மேல இருக்கறதுக்குள்ள போகுது."

"எத்தனை தடவை?"

"நாலாயிரத்து எறநூத்து எம்பத்தொண்ணு. மீதி இல்ல."

நான் தட்டைக் கழுவுவதை நிறுத்தினேன்.

"தலை 751ஆல போகுது. வாலு 751ஏதான். அப்புறம் முழு எண்ணும் போகாம எங்க போகும்?" என்றார். பிறகு, "மன்னிக்கணும்," என்று சேர்த்துக்கொண்டார்.

சட்டைப்பையில் முந்தின வார இறுதிச்சடங்கின் நிகழ்ச்சித் தாள் இருந்தது. அதன் பின்புறத்தில் 4281ஐ 751ஆல் பெருக்கினேன். 3215031. இன்னொருமுறை பெருக்கினேன், எண் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பதினைந்து ஆண்டுகள், நான்கு சாட்சிகள், எட்டு மாலைப்பொழுதுகள் கண்டுபிடிக்காததை ஒரு மனிதர் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷை மென்றுகொண்டே கண்டுபிடித்திருந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"என் சம்சாரத்துகிட்டகூட சொல்லல. எனக்கு அவங்க நாற்காலி வேணாம், வெண்டெல். இப்படி வேணாம்."

அவர் சொன்னதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. மார்ச் மாதக் கூட்டம் ஆண்டுக் கூட்டம். அதில் தலைவர் பதின்மூன்று எண்களையும் சிறியதிலிருந்து வரிசையாக வாசிப்பார். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும், "இக்கூடத்தில் உள்ள எவரேனும் இதற்குக் காரணி அறிவாரா?" என்று கேட்டு, ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். உறுப்பினர், பார்வையாளர் என்ற வேறுபாடு அதில் இல்லை. அந்த இடைவெளியில் யாரும் பேசியதில்லை. வாயில் இருப்பதை விழுங்கிக்கொள்ளப் பயன்படுத்துவோம்.

"நேரா கேட்டா நான் எப்படிப் பேசாம இருப்பேன்?" என்றார் கேலன். "தேவாலயத்துக்குள்ள வச்சு."

மறுநாள் காலை மில்ட்டன் குவாமைப் பார்க்கப் போனேன். மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், கழகத்தின் துணைத்தலைவர், 2 என்ற சாட்சி அவர்தான். தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னய்யா இது? நான் ரெண்டு தடவை சரிபாத்தேன்யா."

"நானும் சரிபாத்தேன். கணக்குல தப்பு இல்ல. பழைய நோட்டு எடுத்து ராத்திரி முழுக்க உக்காந்து மறுபடி போட்டேன். ஏழுக்கு இப்பவும் சரியாத்தான் வருது."

"அப்புறம் எப்படி?"

"அந்த எண்ணு நம்மள ஏமாத்தியிருக்கு."

"நாலு பேரையுமா? மூணும் அஞ்சும் யாரு?"

"ஈடித்தும் போதகர் ஹால்வர்சனும்."

மில்ட்டன் சற்று நேரம் அவர்களை நினைத்துக்கொண்டார். இருவரும் தேவாலயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

"கொடுத்து வச்சவங்க," என்றார்.

பிறகு நாங்கள் காபி குடித்தோம். ஆர்டிஸிடம் யார் சொல்வது என்ற கேள்வி மேசைமேல் கிடந்தது. இருவரும் அதைச் சுற்றிக் கை நீட்டிச் சர்க்கரையை எடுத்துக்கொண்டோம்.

"விதி ஆறு என்ன சொல்லுது?" என்று இறுதியில் கேட்டார் மில்ட்டன். "காரணி மெய்ப்பிக்கப்பட்டா. மெய்ப்பிக்கணும்னா யாராவது சொல்லணும். சொல்லாத வரைக்கும் அது வெறும் பெருக்கல்."

"ஆண்டுக் கூட்டத்துல கேப்பாங்களே."

"நீயும் நானும் அந்த நேரத்துல மென்னுக்கிட்டு இருப்போம்."

"கேலன்?"

"கேலன் கூடத்துல இருந்தாத்தான? காபி போட அனுப்பிடலாம். அந்தக் கொதிகலன் சூடாக இருவது நிமிஷம் ஆகும்."

நாற்பது ஆண்டுகள் நஞ்சையும் மருந்தையும் தனித்தனி அலமாரியில் பூட்டி வைத்த மனிதர் இப்படி ஒரு திட்டம் தீட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை நான் உடனே ஒப்புக்கொள்வேன் என்றும் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் இரண்டாம் செவ்வாய். ஹாட்டிஷ் மூன்று வகை வந்திருந்தது. அவற்றில் ஒன்றைப் பற்றி ஆர்டிஸ், "வித்தியாசமா இருக்கு," என்றார். செய்தவர் அதற்குப் பிறகு அன்று பேசவில்லை. ஆர்டிஸின் கணவர் ஹார்லன் வழக்கம்போல் எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகளுக்காக மட்டும் வந்து, சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் தானியக் கிடங்கில் எடைமேடை பார்த்தவர். கழகத்தில் சேரவில்லை, எண்கள் தமக்கு அலுவலகத்தோடு முடிந்துவிட்டன என்பார்.

ஆர்டிஸ் எழுந்து முதல் எண்ணை வாசித்தார். கேட்டார். விழுங்கினோம். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது எண்ணுக்குப் பிறகு மில்ட்டன் கேலனைப் பார்த்துக் காபிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். கேலன் நன்றியோடு எழுந்து, கொதிகலனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

ஐந்தாவது முடிந்தது. அடுத்தது ஆர்டிஸின் சொந்த எண். அவர் தாளைத் தாழ்த்தினார்.

"கேலன் எங்க?"

"காபி," என்றார் மில்ட்டன்.

"காபி இருக்கே."

"சூடா இல்ல."

"மில்ட்டன், உங்க கோப்பையில ஆவி வருது," என்றார் ஆர்டிஸ். "விதி ஒன்பது. வந்தவங்க எல்லாரும் இருக்கறப்பதான் வாசிக்கணும். காத்திருப்போம்."

காத்திருந்தோம். கொதிகலன் உண்மையிலேயே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. யாரோ வானிலையைப் பற்றிப் பேச்செடுத்தார். அதில் சொல்ல வேண்டியவை ஏழு நிமிடத்தில் தீர்ந்தன. கேலன் இரு கைகளிலும் அடுப்புக் கையுறை அணிந்து, கொதிகலனை மார்போடு அணைத்தபடி, தம் பங்கு முடிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு திரும்பி வந்தார். பதின்மூன்று உறுப்பினர்களும் அமைதியாகத் தம்மைப் பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றார்.

"3215031751," என்று வாசித்தார் ஆர்டிஸ். "இக்கூடத்தில் உள்ள எவரேனும் இதற்குக் காரணி அறிவாரா?"

ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. அவர் அடுத்த எண்ணுக்குப் போகவில்லை.

பின்னாளில் எனக்கு விளங்கியது: நான் விழுங்க மறந்துவிட்டேன். மில்ட்டனும் அப்படியே. இருவர் கன்னமும் உப்பியிருந்தன. கேலனின் காதுகள் சிவந்திருந்தன. அதற்குக் கொதிகலன் மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

"கேலன்," என்றார் ஆர்டிஸ்.

"இது கொஞ்சம் கனமா இருக்கு. கீழ வச்சுடட்டுமா?"

"வைங்க. வச்சுட்டுச் சொல்லுங்க."

கேலன் கொதிகலனை வைத்தார். கையுறைகளைக் கழற்றவில்லை. கையுறையணிந்த ஒரு கையால் மேசையின் கோடியை, விளிம்பில் தொங்கும் மூன்று சிவப்பு இலக்கங்களைக் காட்டினார்.

"அது," என்றார்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் கரும்பலகை சுவரில் இருந்தது. ஆர்டிஸ் நோவாவின் பேழைக்குக் கீழே இருந்த இடத்தில் வகுத்தலை முழுதாக எழுதினார். ஒவ்வொரு படியிலும் கழித்தல் கோட்டை அடிமட்டம் வைத்து இழுத்தார். கடைசியில் ஒரு சுழியம் வந்தது. அதையும் ஒழுங்காக வட்டமாக எழுதினார். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நாப்பத்தாறு. வெண்டெல், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

அவர் தம் தட்டையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு, மேசையின் நீளம் முழுவதும் நடந்து, பார்வையாளரின் மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். லோவலுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று, இவருக்கு மூன்று.

"இது வேற யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்று அங்கிருந்து கேட்டார்.

நான் கையுயர்த்தினேன். மில்ட்டன் உயர்த்தினார். சற்றுத் தாமதமாக, சுவரோரத்திலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. அதில் எலுமிச்சை பார் இருந்தது.

"ஹார்லன்?"

"எம்பத்திரெண்டுல," என்றார் ஹார்லன். "விரிப்பத் தொவச்சுக் கொடியில போடச் சொன்ன. மடிச்சுப் போட்டேன். கொடிக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் மூணு. எடைமேடையில உக்காந்தவனுக்குக் கண்ணு சும்மா இருக்குமா?"

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"வருஷா வருஷம் இந்தக் கூடத்துல நின்னு கேக்கறேனே."

"நான் வரும்போது பார் மட்டும்தான் இருக்கும். இன்னிக்குத்தான் கேள்வியும் இருந்துச்சு." ஹார்லன் பாரைக் கீழே வைத்தார். "கல்யாண நாளு, பொண்ணு பொறந்த நாளு. அதுல போயி நான் என்னத்தச் சொல்றது?"

ஆர்டிஸ் தம் முழங்காலுக்கு முன்னால் தொங்கிய 751ஐ விரலால் தூக்கி மேசைமேல் மடித்து வைத்தார். விட்டதும் அது மறுபடியும் தொங்கியது.

"ரெண்டும் நடந்தது நடந்ததுதான, ஆர்டிஸ்," என்றார் ஹார்லன்.

"நடந்தது. ஆனா பகா எண் இல்ல."

அறையில் எல்லோருக்கும் உதவ வேண்டும்போல் இருந்தது. அது எப்போதும் நிலைமையை மோசமாக்கும். மில்ட்டன், கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் ஒரு நல்ல எண் அமையக்கூடும் என்றார்.

"உங்க வசதிக்கு கார்லாவ வேற வருஷம் பெக்க முடியாது, மில்ட்டன்."

"திருப்பிப் போட்டா?" என்றார் ஹார்லன். "பொண்ணு தேதி முதல்ல, கல்யாணம் அப்புறம்."

"கொழந்த முதல்ல, கல்யாணம் அப்புறமா? இந்தத் தேவாலயத்துலயா?" என்றார் ஆர்டிஸ். பிறகு, நியாயத்துக்குக் கட்டுப்பட்டவராக, "அது சுழியத்துல வேற முடியும்," என்றார்.

கேலன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இன்னொண்ணும் இருக்கு. சொல்லலாமா?"

"இன்னொரு காரணியா?"

"இன்னும் ரெண்டு இருக்கு, 151, 28351. அது இல்ல நான் சொல்ல வந்தது. நம்ம முறையிலதான் கோளாறோன்னு எனக்குச் சந்தேகம் வந்து, மூர்ஹெட்டுக்குப் போயி கல்லூரி நூலகத்துல கேட்டேன். ஒரு கணக்குப் பத்திரிகை எடுத்துக் குடுத்தாங்க. 1980ல வந்தது. அதுல கம்ப்யூட்டர் வச்சுத் தேடியிருக்காங்க. நம்ம ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு இருக்குல்ல, நாலு சாட்சியையும் ஒரே சமயத்துல ஏமாத்துற பகு எண்ணு எத்தனை இருக்குன்னு."

"எது வரைக்கும்?"

"ரெண்டாயிரத்து ஐநூறு கோடி வரைக்கும்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"எது?"

கேலன் மேசைவிரிப்பைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"ஏமாந்த சாட்சிக்கு அதுல ஒரு பேரும் போட்டிருக்காங்க," என்றார் கேலன், மில்ட்டன் பக்கம் திரும்பி. "பொய்ச்சாட்சின்னு. அது கணக்குல சொல்றது. மனசுல வச்சுக்காதீங்க."

"நாப்பது வருஷம் மருந்துக்கடை வச்சிருந்தேன்," என்றார் மில்ட்டன். "ஒருத்தன் சொன்னதில்ல."

ஆர்டிஸ் அவரைக் கவனிக்கவில்லை. "அச்சுல போட்டிருக்காங்களா? இந்த எண்ண?"

"போட்டிருக்காங்க."

"அது மார்ச்சு இருவத்தொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. வெறும் எண்ணு மட்டும்தான்."

"தெரிய வேண்டியதில்ல," என்றார் ஆர்டிஸ். பிறகு, சுவர்ப்பக்கம் திரும்பாமலே, "ஹார்லன், கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்."

"ரெண்டாயிரத்து ஐநூறு கோடியில ஒண்ணு."

"மோசமில்ல," என்றார் ஹார்லன். அவர்களுடைய நாற்பத்து மூன்று ஆண்டுகளில் இதற்கு மேல் அவர் எதையும் புகழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கூட்டத்தை நடத்தும் பொறுப்பு இப்போது துணைத்தலைவருக்கு வந்துவிட்டது. மில்ட்டன் எழுந்தார், எந்த விதி என்று தெரியாமல் ஆர்டிஸைப் பார்த்தார், அவர் பார்வையாளர் நாற்காலியிலிருந்து "பதினொண்ணு" என்று எடுத்துக்கொடுத்தார். ஓர் இடம் காலியாகியிருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் கேலன் புரூஸ்டாட். அவர் தம் எண்ணைத் தெரிவிக்கலாம்.

கேலன் ஒரு கையுறையைக் கழற்றிப் பணப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். மடிப்புகளில் அது கிழிந்திருந்தது.

"1234567891," என்று வாசித்தார். "வண்டியில சின்னப் பிள்ளைங்க எண்ணிக்கிட்டே வரும். ஒன்பது வரைக்கும் போயிட்டு, மறுபடி ஒண்ணு."

"நல்ல எண்ணு," என்றார் மில்ட்டன். "நாலு சாட்சி வேணும். நான் ரெண்டு எடுத்துக்கறேன். வெண்டெல் ஏழு..."

"மன்னிக்கணும்," என்றார் கேலன்.

நாங்கள் காத்திருந்தோம்.

"உங்க எல்லார் மேலயும் எனக்கு மரியாதை உண்டு. ஆறு வருஷமா சோறு போட்டிருக்கீங்க. ஆனா ஆட்சேபம் இல்லன்னு நீங்க நாலு பேரு சொல்லி, நான் அந்த நாற்காலியில உக்காந்து, எனக்கு எதிர்ல ஆர்டிஸ் அம்மா இங்க உக்காந்திருந்தா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "அவங்க வகுத்துப் பாக்கட்டும். முழுசா. அப்புறம் உக்காந்துக்கறேன்."

"வகுக்கறதா?" என்றார் மில்ட்டன். "இங்கயா?"

"விதி பன்னெண்டு," என்றார் ஆர்டிஸ். "'குறைந்தது நான்கு சாட்சிகள்'னுதான் எழுதியிருக்கேன். வகுக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. மரியாதைக்காக விட்டோம். அது உறுப்பினர்களுக்குள்ள இருக்கற மரியாதை." அவர் என் பக்கம் கையை நீட்டினார். "நான் இப்ப உறுப்பினர் இல்ல. வெண்டெல், உங்க பென்சில்."

கொடுத்தேன். கூடவே தாளும் கேட்டார், அதையும் கொடுத்தேன். அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது முப்பத்தையாயிரத்துச் சொச்சம் வரை உள்ள பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை ஏறக்குறைய மூவாயிரத்து எழுநூறு. நாளைக்கு நாற்பது வீதம் ஜூனில் முடியும் என்று கணக்கிட்டார். அதுவரை அந்த நாற்காலி காலியாக இருக்கட்டும் என்றார். அவருக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. கண்பார்வை நன்றாக இருந்தது.

"ரெண்டு போகாது," என்று தொடங்கினார். "மூணு. இலக்கத்தையெல்லாம் கூட்டினா நாப்பத்தாறு. போகாது. அஞ்சு போகாது. ஏழு." பென்சில் ஓடியது. "மீதி நாலு. பதினொண்ணு. மீதி ஏழு."

கேலன் அவருக்குப் பக்கத்தில், கொதிகலனுக்கும் சுவருக்கும் இடையே நின்றபடி, தம் மனத்திலும் வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு மீதிக்கும் தலையசைத்தார். ஹார்லன் தம் நாற்காலியை இழுத்து வந்து ஆர்டிஸின் மறுபக்கம் போட்டுக்கொண்டார். எண்கள் அலுவலகத்தோடு முடிந்துவிட்டன என்ற மனிதர், "பதின்மூணுக்கு மீதி பதினொண்ணு," என்று மனைவிக்கு முன்பே சொன்னார்.

"தெரியும்," என்றார் ஆர்டிஸ். "பதினேழு."

பதினேழுக்கும் மீதி பதினொன்றுதான். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கூட்டங்களில் இவ்வளவு கவனமான அமைதியை நான் கண்டதில்லை.

"இது ஜூன்ல முடிஞ்சதும்," என்றார் ஆர்டிஸ், தாளிலிருந்து கண்ணெடுக்காமல், "இந்த விரிப்புல இருக்கறத இந்த ஓரத்துல இருந்தே வரிசையாப் பாத்துடறேன். ஒரு எண்ணுக்கு எட்டு மாசத்துக்கு மேல ஆகாது. எனக்கு நேரமிருக்கு."

மில்ட்டன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். விரிப்பின் அந்த ஓரத்தில், அவருடைய எண்ணுக்கு அடுத்தது என்னுடையது.

எலுமிச்சை பார் தட்டு சுற்றி வந்தது. உறுப்பினர்களுக்கு இரண்டு, பார்வையாளருக்கு ஒன்று என்பது எங்கள் வழக்கம். ஆர்டிஸ் ஒன்று எடுத்துக்கொண்டார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.